அயாந்தி என்றால் ஊதாப்பூ

பெற்ற பிள்ளையைக் காவல் காக்கிற அப்பாக்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பிள்ளைக்கு வைத்த பெயரைக் காவல் காத்த அப்பா, எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஈப்போவில் எங்கள் பழைய தாமான் குடியிருப்பில், எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்து என் வயிற்றெரிச்சலைப் பத்து வருஷம் கொட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுவார். தாமானில் எல்லாருக்கும் அவர் ஊதா அண்ணே. வீட்டு கேட் ஊதா, செருப்பு அலமாரி ஊதா, வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஊதா. வேனின் வெளிப்புறத்தில் இஷ்டத்துக்குச் சாயம் அடிக்க முடியாது என்பதால், உள்ளே சீட்டு உறை, ஜன்னல் திரை, வியர்வை துடைக்கும் துண்டு எல்லாம் ஊதா. தீபாவளிக்கு அவர் வீட்டில் சுட்ட அதிரசம் மட்டும்தான் வழக்கமான நிறத்தில் இருந்தது. அதற்கும் அவர் மனைவி சண்டை போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் குடிவந்த முதல் வாரம், ஒரு தட்டில் கேசரியோடு அறிமுகம் செய்துகொள்ளப் போனேன். வாசலில் என் மகள் வயதில் ஒரு பெண் குழந்தை நின்றது. எல்லாரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்.

"பாப்பா பேரு என்னண்ணே?"

"அயாந்தி."

"ஜெயந்தியா? நல்ல பேரு."

அண்ணே கேசரித் தட்டை வாங்கி ஓரமாக வைத்தார். "ஜெயந்தி இல்ல தங்கச்சி. அயாந்தி. கிரேக்கப் பேரு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊதாப்பூன்னு அர்த்தம். பழைய கிரேக்கக் கதையில பெருங்கடலுக்குப் பொண்ணுங்க நெறைய. அதுல ஒருத்தி அயாந்தி. இன்னொரு கதையில கிரீட் தீவுல ஒரு கல்யாணப் பொண்ணு, அவளும் அயாந்தி. அப்புறம் பாருங்க, பல நூறு வருசம் இந்தப் பேர ஆளே சீண்டல. தூங்கிக் கெடந்துச்சு. வெள்ளைக்காரக் கவிஞனுங்க எழுப்பி விட்டானுங்க. ஒருத்தன் தான் பெத்த மகளுக்கே வெச்சான்லா! அதுக்கப்புறம் அவனுங்களும் மறந்துட்டானுங்க. எந்த நாட்டுலயும் இது பரவலா ஓடுன பேரே கெடையாது. இப்ப இந்த பேராக் மாநிலத்துல இது ஒருத்திகிட்டதான் இருக்கு." மகளின் தலையில் கை வைத்தார். "இவகிட்ட."

வீட்டுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. என் மகளுக்கு நாங்களும் யோசித்துத்தான் பெயர் வைத்தோம். ஜோசியர் 'த'வில் தொடங்கச் சொன்னார், எண் கூட்டுத்தொகை சரியாக வர ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போடச் சொன்னார். தர்ஷினி என்று வைத்தோம். பிற்பாடு பாலர் பள்ளியில் கொண்டுபோய் விட்ட அன்றைக்கே அங்கே இன்னும் இரண்டு தர்ஷினிகள் அழுதுகொண்டிருந்தார்கள். காசு கொடுத்துப் போட்ட அந்தக் கூடுதல் எழுத்து யார் காதிலும் விழவில்லை. ஆசிரியை "தர்ஷினி, வாயை மூடு!" என்றால் மூன்று பிள்ளைகள் வாயை மூடும். அடுத்த வீட்டிலோ கிரேக்கக் கடலின் மகள் வளர்கிறாள். எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பெயரை அவர் கண்டுபிடித்த கதையைத் தாமானில் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மனைவி முழுகாமல் இருந்தபோது, பள்ளி விடும்வரை வேனில் காத்திருக்கும் நேரமெல்லாம் போனில் பெயர் தேடியிருக்கிறார். பிடித்த பெயர் கிடைத்ததும் வேன் பிள்ளைகளின் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போடுவார். "இந்தப் பேருல உங்களுக்குத் தெரிஞ்சு யாராச்சும் இருக்காங்களா?" உடனே பதில் வரும். மெலிசாவா, லூமுட்டில் என் சித்தி மகள். டாப்னியா, பீடோரில் ஒரு டீச்சர். சோபியாவா, எந்த சோபியாவைக் கேட்கிறீர்கள் அண்ணே? இப்படிப் பேராக் மாநிலமே கூடி அவர் ஆசையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அயாந்தி என்று போட்ட அன்றைக்குக் குழுவில் சத்தமே இல்லை. சாயங்காலம் ஒரே ஒரு அம்மா மட்டும், "இது எதுக்குக் குடுக்குற மருந்துண்ணே?" என்று கேட்டாராம். அதைப் படித்ததும் வேனில் இருந்தபடியே ஹாரனை அழுத்திக் கொண்டாடியிருக்கிறார்.

பெயர் வைத்ததோடு விட்டாரா? ஊதாப்பூச் செடி வளர்க்கிறேன் என்று விதை வாங்கிப் போட்டார். குளிர்நாட்டுச் செடி, ஈப்போ வெயிலில் முளைத்த வேகத்தில் கருகியது. மறுபடி போட்டார், மறுபடியும் கருகியது. மூன்றாம் முறை அந்தத் தொட்டிகளில் கத்திரிக்காய்ச் செடி நின்றது.

"என்னண்ணே, கிரேக்கத்துல இருந்து கத்திரிக்காய்க்கு வந்துட்டீங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

"கத்திரிப்பூ என்ன கலரு தங்கச்சி?"

"ஊதா."

"அவ்வளவுதான்."

அதன்பிறகு காய்த்துத் தள்ளியது. வாரம் தவறாமல் ஒரு பை எங்கள் வீட்டுக்கு வரும். அவர் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே அவர் கொடுத்த கத்திரிக்காயில் எண்ணெய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போ பழைய டவுன் காப்பிக் கடைகளில் சுற்றுவார். வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள் காப்பி குடிக்க வருவார்கள் அல்லவா, ஒவ்வொரு மேசையாகப் போய், "கிரீஸ்? யூ கிரீஸ்?" என்று கேட்பார். ஆஸ்திரேலியா என்பார்கள், ஹாலந்து என்பார்கள். "சாரி லா" என்று அடுத்த மேசைக்குப் போவார். ஐந்தாறு வருஷம் கேட்டு, கடைசியில் ஒரு கிரேக்கப் பெண்மணியே மாட்டினார். மகளை முன்னால் நிறுத்திப் பெயரைச் சொன்னார். அந்த அம்மாள் குழந்தையைக் கட்டிக்கொண்டு, "யாந்தி! யாந்தி!" என்று முத்தம் கொடுத்தாராம். எங்கள் ஊரில் இதை அப்படித்தான் சொல்வோம் என்று சிரித்தாராம்.

வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. எனக்குப் பாயசம் வைக்கவேண்டும்போல் இருந்தது. மூன்றாம் நாள் காலை வேலிப்பக்கம் வந்து நின்றார்.

"யோசிச்சுப் பாத்தேன் தங்கச்சி. தப்பு அவங்க மேலதான். கிரேக்கக்காரங்களுக்கே அந்தப் பேரச் சரியா சொல்ல வரல."

எடுத்த பாயச ஜவ்வரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன்.

பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நடந்ததை மட்டும் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. என் மகள் வகுப்பிலேயே முதல் பரிசு. "தர்ஷினி" என்று கூப்பிட்டார்கள், போனாள், வாங்கினாள், வந்தாள். கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த பெயர். அயாந்திக்கு வண்ணம் தீட்டும் போட்டியில் மூன்றாம் பரிசு. அறிவிப்பாளர் தாளைப் பார்த்துத் திக்கினார். அவ்வளவுதான், அண்ணே மேடையேறி மைக்கை வாங்கிவிட்டார். ஊதாப்பூ, பெருங்கடல், கிரீட் தீவு, கவிஞர்கள் என்று ஒன்றுவிடாமல் முழுக் கதை. தலைமையாசிரியர் எழுந்து கைதட்டினார். மறுநாள் தாமானில் எல்லாரும் அந்தப் பெயரைத்தான் பேசினார்கள். முதல் பரிசு வாங்கிய பிள்ளையைப் பெற்றவள் நான், என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணேயிடம் இருந்த ஒரே கோளாறு இதுதான். பெயரை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று காவல் காப்பார். அதே வாயால், கேட்பவர்களுக்கெல்லாம் எச்சில் ஊறுகிற மாதிரி அதன் பெருமையைச் சொல்வார். நகைப்பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, தொடாதே என்றால் யார் சும்மா இருப்பார்கள்?

என் தங்கை விமலா சும்மா இருக்கவில்லை. தைப்பிங்கில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைத்தாச்சியாக ஓய்வெடுக்க என் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாயங்காலமானால் வேலிப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். அண்ணேக்குப் புதிதாக ஒரு காது கிடைத்துவிட்டது. தினமும் கதை நடந்தது. இவளும் "அப்புறம்ணே? அப்புறம்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊருக்குப் போய்ப் பெண் குழந்தை பெற்றாள். முப்பதாம் நாள் பேர் வைக்கும் சடங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குடும்ப வாட்ஸாப்பில் செய்தி போட்டாள். பெயர் முடிவாகிவிட்டது, அயாந்தி.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வடிக்க முடியாது. அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே பத்து வருஷம் குடியிருந்தவள் நான். எட்டிப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள் நான். நேற்று வந்தவள் எடுத்துக்கொண்டு போகிறாள். நேராக அடுத்த வீட்டுக்குப் போய் அண்ணேயிடம் போட்டுக் கொடுத்தேன். அதில் எனக்கு இன்றுவரை வெட்கமே கிடையாது.

அண்ணே கத்தவில்லை. ஊதா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழம சடங்குன்னா சொன்னீங்க? வேன எடுக்குறேன். நீங்களும் வாரீங்களா?"

"வாரேன்ணே. அவ கேக்கலன்னா நானும் ரெண்டு வார்த்த கேக்குறேன்."

இப்படி ஆளுக்கொரு பொறாமையோடு நாங்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்தோம். தர்ஷினிக்கு அன்றைக்குப் பரதநாட்டிய வகுப்பு. அண்ணேயின் மனைவிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அதனால் அயாந்தியும் எங்களோடு வந்தாள். பதினோரு வயது, கண்ணாடி போட்டிருப்பாள், அதிகம் பேசமாட்டாள். பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோலகங்சார் தாண்டியதும் நான் கேட்டேன். "ஏண்ணே, தைப்பிங்ல ஒரு குட்டி அயாந்தி இருந்துட்டுப் போனா உங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?"

"என் பேரு உங்களுக்குத் தெரியுமா தங்கச்சி?"

தெரியாது. பத்து வருஷத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"முனியாண்டி. பீடோர் பக்கம் எங்க ரப்பரு கித்தாத் தோட்டத்துல முனியாண்டிங்க நெறைய. காலையில பெரட்டுக்கு எல்லாரும் வரிசையா நிக்கணும். தண்டல் பேரு கூப்புடுவாரு. முனியாண்டின்னா அத்தன பேரும் கையத் தூக்குவாங்க. அதனால ஆளுக்கு முன்னால ஒண்ண ஒட்டி விட்டுருவாங்க. வழுக்க முனியாண்டி, கோழி முனியாண்டி. நான் ஸ்கூல் லீவுல மொதமொத வேலைக்குப் போயி நின்ன அன்னிக்குன்னு பாத்து எனக்கு வயித்தால போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"பேதி முனியாண்டின்னாங்க. போகப் போக முனியாண்டி போச்சு, பேதி நின்னுக்குச்சு. என் கல்யாணப் பத்திரிகையப் பாத்துட்டு எங்க தோட்டத்து ஆளுங்களே, யாருடா இந்த முனியாண்டின்னு கேட்டாங்க." வைப்பரை முடுக்கிவிட்டார். தைப்பிங் மழை பிடித்துக்கொண்டது. "ரெண்டாவது ஆளு வந்தா, முன்னால ஒண்ணு வந்து ஒட்டிக்கும் தங்கச்சி. எம்மகளப் பாருங்க, கண்ணாடி போட்டிருக்கா. சோடாபுட்டி அயாந்தின்னு எவனாச்சும் சொல்லுவான். அப்புறம் அவளுக்கு அவ பேரு இல்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சண்டை போடப் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கண் கலங்கக் கூடாது.

விமலா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. அண்ணே வெறுங்கையோடு வரவில்லை. தொட்டிலுக்கு ஊதா நிறத்தில் ஒரு பட்டுத்துணி, ஒரு பை கத்திரிக்காய், அதோடு பதிலுக்குக் கொடுக்கச் சில கிரேக்கப் பெயர்கள்.

"யூலேலியான்னு வெய்ம்மா. இனிமையா பேசுறவன்னு அர்த்தம். பேராக்ல ஆளே கெடையாது, நான் விசாரிச்சுட்டேன். இல்லன்னா செனியா. விருந்தாளியக் கவனிக்கிறதுன்னு அர்த்தம், நம்ம பண்பாட்டுக்கு ஏத்த பேரு."

"அண்ணே, நீங்கதானே சொன்னீங்க, இத விட அழகான பேரு உலகத்துலயே கெடையாதுன்னு?" என்றாள் விமலா.

அண்ணே கத்திரிக்காய்ப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். தான் பத்து வருஷமாகச் சொன்னதை மறுத்துப் பேச அவருக்கு எப்படி வாய் வரும்? நான் உள்ளே புகுந்தேன். "அடுத்தவங்க பிள்ளை பேர இப்படிக் கேக்காம எடுக்கலாமாடி?" என்றேன். "உனக்குப் பொறாமை அக்கா" என்றாள். உண்மையைப் பந்தலில் எல்லார் முன்னாலும் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? குரல் உயர்ந்தது. விமலாவின் மாமியார் தலையிட்டார். குழந்தையின் காதில் பெயர் சொல்லவேண்டிய அத்தை, தொட்டில் பக்கத்தில் குனிந்தபடியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்பா, விடுங்கப்பா."

அயாந்தியின் குரல். அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பேரயே வெக்கட்டும்ப்பா."

"உனக்காகத்தானேடா வந்தேன்?"

"ஸ்கூல்ல தர்ஷினிங்க மூணு பேரும் ஒண்ணாதான் உக்காருவாங்க. ஒண்ணாதான் கேன்டீன் போவாங்க. நானும் வாரேன்னு சொன்னேன். பேரு சாமா, ஒரே மாதிரி இருந்தாத்தான் சேப்பாங்களாம்." என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ரொம்பப் பொறாமையா இருக்கும்ப்பா. நீங்க சொல்ற கதையில எவ்வளவோ அயாந்தி இருக்காங்க. ஸ்கூல்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

இவள் பெயரைப் பார்த்து நான் அடுப்பில் வைத்த பால்போலப் பொங்கிக்கொண்டிருந்த வருஷமெல்லாம், இவள் என் மகளைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்திருக்கிறாள். நடுவில் ஒரு வேலிதான்.

அண்ணே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார்.

"ஒரு கண்டிசன். எல்லாரும் கேட்டுக்குங்க. பெரிய அயாந்தி, சின்ன அயாந்தின்னு ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது. ஈப்போ அயாந்தி, தைப்பிங் அயாந்தி கெடையாது. கறுப்பு, செவப்பு, குண்டு, ஒல்லி, கண்ணாடி, ஒண்ணும் கெடையாது. போலே, சரியா?"

"அதெப்படிப்பா?" என்றார் விமலாவின் மாமியார். "ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்தா எப்படிக் கூப்புடுறது?"

"அயாந்தின்னு கூப்புடுங்கம்மா. ரெண்டு பேரும் திரும்பட்டும். திரும்புனா கழுத்தா சுளுக்கிக்கும்?"

ஒவ்வொருவராகச் சரி என்று சொன்ன பிறகுதான் இறங்கினார். சமையல்காரரைக்கூட அடுப்படியிலிருந்து வரவழைத்துச் சொல்ல வைத்தார். குனிந்து குனிந்து அலுத்துப்போன அத்தை, அயாந்தியின் கையைப் பிடித்து இழுத்தார். "நீயே வந்து சொல்லும்மா. உன் பேருதானே, உனக்குத்தான் சரியா வரும்."

அவள் கண்ணாடியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தொட்டிலுக்குள் குனிந்தாள். குழந்தையின் காதில் தன் பெயரை மூன்று முறை சொன்னாள். அர்த்தம் சொல்லவில்லை, நாடு சொல்லவில்லை, கதை சொல்லவில்லை. வெறும் பெயர். குழந்தை கொட்டாவி விட்டது. அவள் நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. மகளின் கண்ணாடி இன்னும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

"என்னண்ணே, பேரு பங்கு போயிருச்சேன்னு வருத்தமா?"

"பொறாமைலா தங்கச்சி." கையால் கண்ணைத் துடைத்தார். ரசம் பட்டு இன்னும் எரிந்திருக்கும். "அந்தக் கொழந்தைக்குப் பாருங்க, பேரு வந்த அன்னிக்கே தொணையும் வந்துருச்சு. எம்மக இத்தன வருசம் இந்தப் பேரத் தனியாத் தூக்கிக்கிட்டு நடந்திருக்கா. முன்னால ஒண்ணும் ஒட்டிறக் கூடாதுன்னே பாத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல ஒருத்தரும் இல்லங்கறதப் பாக்கவே இல்ல."

சொல்லிவிட்டு, பந்தி என்றும் பாராமல் விசும்பி விசும்பி அழுதார். எதிர்வரிசைக்காரர்கள் ரசம் காரம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நான் என் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இப்போது நாங்கள் சிம்மோர் பக்கம் வீடு மாறிவிட்டோம். கிரேக்கப் பெயரின் மேல் இருந்த ஆசை எனக்கு அன்றைக்கே விட்டுப்போயிற்று. பொறாமை மட்டும் போகவில்லை. மகள் தனியாக நடந்தாள் என்று தெரிந்த நிமிஷத்தில், சோற்றில் கை வைத்தபடி நாலு பேர் பார்க்க அழுத அப்பாவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அயாந்தி கொடுத்து வைத்தவள்.